செருப்புப் பெட்டிக்குள் போன மாத்திரை

ஓட்டல் சலவையறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அக்காவுக்குச் சூடு பழகிய விஷயம்தான். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கழுத்திலிருந்து தீ ஏறியது. சொல்லி அழ வீட்டில் ஆளில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். வெளியூர் மகனுக்கு, போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டால் கடமை முடிந்தது.

டாக்டரம்மா இரண்டு மருந்து எழுதினார். தோலில் ஒட்டிக்கொள்ள ஈஸ்ட்ரோஜன் பேட்ச், கூடவே தினமும் ஒரு புரோஜெஸ்டின் மாத்திரை. "ரெண்டும் ஜோடி. ஒண்ணை விட்டுடாதீங்க" என்றார். அக்கா தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

வினை மருந்துக்கடையில் வந்தது. "இந்த மாத்திரை கருத்தடைக்கும் குடுக்கிறதுதாம்மா" என்றார் கடைக்காரர், தெருமுனைவரை கேட்கும் குரலில். வரிசையே திரும்பிப் பார்த்ததாக அக்காவுக்குப் பட்டது. எல்லாரும் அவரவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் இல்லாதவள் வீட்டில் கருத்தடை மாத்திரையா? யாராவது பார்த்தால் மானம் கப்பலேறிவிடாதா? மாத்திரையைச் செருப்புப் பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றினாள். பேட்சை மட்டும் ஒட்டிக்கொண்டாள். சூடு தணிந்தது. அப்பாடா என்றிருந்தது.

சில மாதம் கழித்து ரத்தம் பட்டது. நின்றுபோனது திரும்பி வந்தால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது? ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவள் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டே பயந்தாள். மகனிடம் "சாப்பிட்டேன்ப்பா" என்றாள்.

"கேன்சர் இல்லை" என்றார் டாக்டரம்மா. "ஆனா கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சுப்போச்சு. பேட்ச் அதை வளர்க்கும், மாத்திரைதான் அடக்கி வைக்கும். இப்படியே விட்டிருந்தா கேன்சர்லகூட போய் முடியலாம். கொஞ்ச நாள் பேட்ச் வேண்டாம், மாத்திரை மட்டும் போடுங்க. மறுபடி சோதிச்சுப் பாத்துக்கலாம். ஆமா, மாத்திரையை விட்டுட்டீங்க போலிருக்கே, ஏன்? சிலருக்குத் தூக்கமா வரும், மனசு சோர்ந்துபோகும். சொல்லியிருந்தா வேற மாத்திக் குடுத்திருப்பேனே?"

"அதில்லம்மா... வீட்டுல யாராச்சும் பாத்துட்டா..."

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா விரல் மடக்கி எண்ணப் போனாள்; ஒரு விரலோடு கணக்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் புது மாத்திரை அட்டையை முன்னறை மேசைக்கு நடுவில், பேர் தெரியும்படி வைத்தாள். வாசல் கதவையும் திறந்துபோட்டாள். இருட்டும்வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.