நானூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிகளும் ஒரு பதிவும்

கண்ணாடிக் கடையின் பின்பக்கம், திரைக்கு அப்பால், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்தும் வேலை அங்கேதான் நடக்கும். அந்த வேலையைப் பதினோரு வருடமாகச் செய்துவந்தவளைக் கடையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உள்ரூமை வரச் சொல்லு" என்பார்கள். "உள்ரூம் சாப்பிட்டாச்சா?" என்பார்கள். அவளும் அதற்கேற்ற மாதிரி வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

பேசாததையெல்லாம் எழுதித் தீர்த்தாள். 'ஓரக்கண்' என்று ஒரு வலைப்பூ வைத்திருந்தாள். எழுபது எண்பது பேர் படிப்பார்கள். புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து நீக்கியதைப் பற்றி, 'கூட்டம் போட்டுக் கைதூக்கி ஒருத்தரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள், அந்த மனுஷன் அங்கே இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்' என்று எழுதினாள். தினமும் விடிந்ததும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவர்களை எந்தச் சுற்றுப்பாதையில் விடலாம் என்று ஒரு பதிவு. கட்டிலில் படுத்தபடியே போனில் ஒரு தட்டுத் தட்டிக் காடுகளைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பிப் படுக்கிறவர்களைப் பற்றி இன்னொன்று.

ஒரே ஒரு குணம் மட்டும் பொல்லாதது. எதையும் மறக்க மாட்டாள். நிலா வருடத்துக்கு நாலு சென்டிமீட்டர் அளவுக்கு நம்மை விட்டு விலகிப் போகிறது என்று அவள் எழுதியதற்கு, 'உண்மைவிளம்பி' என்கிற பேரில் ஒருவர் வந்து, 'நீங்க போய் அளந்தீங்களா?' என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஏழு மாதம் காத்திருந்தாள். அந்த மனிதர் வேறொரு தளத்தில் அதே தகவலைத் தன் கண்டுபிடிப்பு போலப் போட்ட அன்று, அவருடைய பழைய கேள்வியை எடுத்து அதன் கீழே ஒட்டினாள். 'அளந்துவிட்டீர்களா?' என்று ஒரு வரி சேர்த்தாள். அவ்வளவுதான். ஆசாமி அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் சின்ன முதலாளி வந்து மாட்டினான்.

விஷயம் இதுதான். வீட்டு டிராயர்களில் தூங்கும் பழைய கண்ணாடிகளைக் கடை முகவரிக்கு அனுப்புங்கள், வாங்க வசதி இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பதிவின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாள். முதலாளியிடம் கேட்டபோது, "பண்ணும்மா, உள்ரூம்ல இடம் இருந்தா சரி" என்றார். எழுபது பேர் அவரவர் உறவுக்காரர்களிடம் சொல்ல, ஐந்து மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிகள் வந்து சேர்ந்தன. சாப்பாட்டு நேரத்திலும், கடை மூடும் முன் கிடைக்கும் அரை மணியிலும், ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். வளைந்த காதுக்கம்பிகளை நிமிர்த்தினாள். பவர் பார்க்கும் மெஷினில் வைத்து வலக்கண், இடக்கண் என்று பார்த்து நோட்டில் எழுதினாள். கண்ணாடியைப் பையில் போட்டு, பையின் மேல் வெறும் எண்ணை மட்டும் எழுதினாள்.

முதலாளியின் மகன் படிப்பை முடித்துவிட்டு வந்து கடையின் விளம்பர வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் குச்சியில் மாட்டிய போனோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, ரெண்டே நிமிஷம். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. கொஞ்சம் தள்ளி மட்டும் உக்காருங்க."

அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். 'என் சின்ன வயசுக் கனவு' என்று தலைப்பு. ஏதோ ஒரு சங்கம் அவனைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தது. கவுன்டரில் இருக்கும் அக்கா மத்தியான நேரத்தில் அதை உள்ரூமுக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

"பாத்தியா? உன் கை வந்திருக்கு."

மணிக்கட்டு வரை ஒரு கை, ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"ம்."

"நகத்தை வெட்டியிருக்கலாம்ல?"

அவள் கீழே இருந்த பின்னூட்டங்கள் ஆயிரத்துச் சொச்சத்தையும் ஒன்று விடாமல் படித்தாள். கைகூப்பும் படங்கள், இதயங்கள், 'தம்பி, நீங்கதான் நாளைய நம்பிக்கை'. படித்து முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த முப்பது கண்ணாடிகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு அன்றே மெஷினில் வைத்துப் பார்த்து முடித்தாள்.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் என்று ஏற்பாடானது. கண் பரிசோதிக்க இரண்டு பேர், கண்ணாடி எடுத்துக் கொடுக்க ஆறு தன்னார்வலர்கள், வீடியோ எடுக்க மூன்று பேர். வெள்ளிக்கிழமை சின்ன முதலாளி திரைக்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்தான். "அக்கா, அந்த பவர் லிஸ்ட்டை அனுப்பிடுங்க."

"அனுப்புறேன் சார்."

அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் நானூற்றுப் பன்னிரண்டும் வெறும் எண் போட்ட பைகள். எது யார் கண்ணுக்குப் பொருந்தும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கேமரா முன்னால் அவன் பைகளைப் புரட்டிக்கொண்டு முழிப்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். திரும்பத் திரும்ப ஓட்டினாள். இனித்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் தெரிந்தார்கள். பழிவாங்குகிற நேரத்தில் இவர்கள் வேறு குறுக்கே நிற்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில்தான் வழி பிறந்தது.

நோட்டின் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை லீவு போட்டாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள்.

"லீவு போட்டுட்டு என்னடி பண்ற?" என்றாள் அம்மா.

"ஒருத்தருக்கு லெட்டர்ம்மா."

"இவ்ளோ நீளமா? கோவமா, பிரியமா?"

"ரெண்டாவது இல்ல."

ஞாயிறு காலை 'ஓரக்கண்'ணில் பட்டியல் வெளியானது. எண், வலக்கண், இடக்கண் என்று எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் பத்துக் கண்ணாடிக்கு ஒரு பத்தி இடையில் இருந்தது.

'1 முதல் 10. இவை வந்த வாரம் சின்ன முதலாளி கடைக்கு வரவில்லை. 11 முதல் 20. வந்தார். ஏசி ஓடவில்லை என்று போய்விட்டார்.'

'141 முதல் 150. காது படும் இடத்தில் சேரும் அழுக்கு பச்சையாக இருக்கும். சின்ன வயசுக் கனவில் அது என்ன நிறம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.'

'271 முதல் 280. தொலைநோக்கி வழியாகப் பார்த்தவர்களின் பேர் புத்தகங்களில் இருக்கிறது. லென்ஸைத் தேய்த்தவர்கள் பேரை யாரும் கேட்பதில்லை. சில வால்நட்சத்திரங்கள் எழுபது வருடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும். அன்றைக்கு எல்லா கேமராவும் அதன் பக்கம்தான். சின்ன முதலாளி உள்ரூமுக்கு வந்த தினத்தையும் அப்படியே குறித்துவைத்திருக்கிறேன்.'

முகாம் தொடங்கக் கால்மணி இருக்கும்போது அவனுக்கு இணைப்பை அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"அக்கா, என்ன இது?"

"லிஸ்ட் சார்."

"நடுவுல என்னென்னமோ இருக்கு!"

"பத்துக்கு ஒரு இடைவெளி விட்டா படிக்க வசதியா இருக்கும்னு நினைச்சேன்."

"வெறும் நம்பர் மட்டும் அனுப்புங்கக்கா. ஜனங்க வந்துட்டாங்க."

"நோட்டு கடையில இருக்கு சார். சாவி உங்க அப்பாகிட்ட. அவர் ஊர்ல இல்லியே."

வேறு வழியில்லை. ஆறு தன்னார்வலர்களும் தங்கள் போனில் 'ஓரக்கண்'ணைத் திறந்துகொண்டார்கள். இருநூற்று எழுபத்து நாலு வேண்டுமென்றால் அதுவரைக்கும் இருந்ததையெல்லாம் கடந்துதான் போக வேண்டும். நடந்ததைத் திங்கட்கிழமை கவுன்டர் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தன் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறான். லைன்ல நின்ன பாட்டி, 'எங்களுக்கும் சொல்லிட்டுச் சிரிங்கப்பா'ங்குது. ஒரு பொண்ணு வால்நட்சத்திரத்தை மைக்லயே படிச்சிட்டாடி! அவன் மூஞ்சியப் பாக்கணுமே!"

முகாமில் இருந்தவர்கள் பகிர்ந்து பகிர்ந்து, அதற்குள் பதிவை நாற்பதாயிரம் பேர் படித்திருந்தார்கள். பழைய வீடியோ காணாமல் போயிருந்தது. வந்த பின்னூட்டங்களை உள்ரூம் அவசரப்படாமல், நாளுக்கு இருநூறு என்று மிச்சம் வைத்துப் படித்தாள்.

புதன்கிழமை ஒரு தையல்காரப் பெண் கடைக்கு வந்தாள். முகாமில் வாங்கிய கண்ணாடியைப் போட்டதிலிருந்து தலையைப் பிளக்கிறதாம், ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். பை எண் 387. கவுன்டரில் நின்றிருந்த சின்ன முதலாளி அவளைத் தானே உள்ரூமுக்கு அழைத்து வந்தான்.

உள்ரூம் அந்தக் கண்ணாடியை மெஷினில் வைத்துப் பார்த்தாள். வலக்கண்ணுக்கு எழுதியது இடப்பக்கம் இருந்தது. இடக்கண்ணுக்கு எழுதியது வலப்பக்கம் இருந்தது. நோட்டைப் புரட்டினாள். வீடியோவைப் பார்த்த அந்த மத்தியானத்தின் பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த முப்பதில் ஒன்று.

"என்னக்கா, லிஸ்ட்ல தப்பா?" அவன் முகத்தில் மூன்று நாளாக இல்லாத வெளிச்சம். "இதுக்கும் ஒரு பத்தி எழுதுவீங்களா?"

அவள் அந்த பிரேமுக்கே புது லென்ஸ் தேய்த்துப் பொருத்தினாள். அரை மணி ஆனது. தையல்காரப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஊசிக் காது கண்ணுக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டியலில் அந்த வரியைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். எடுத்துக் கொடுத்தவர்கள் பையை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாலும் நம்புவார்கள். ஆனால் அந்த முப்பதில் இன்னும் எத்தனை மாறியிருக்கிறதோ, அதெல்லாம் யார் யார் மூக்கில் இருக்கிறதோ? ஒப்புக்கொண்டால் இவன் அதையே ஒரு வீடியோவாக எடுப்பான். எடுக்கட்டும். வேலை என்னுடையது என்று நாற்பதாயிரம் பேரிடம் சண்டை போட்டு வாங்கியாகிவிட்டது. தப்பை மட்டும் எவன் தலையில் கட்டுவது?

பதிவின் உச்சியில் எழுதினாள்:

'எண் 387-இல் வலமும் இடமும் மாறிவிட்டன. 383 முதல் 412 வரை வாங்கியவர்கள் தயவுசெய்து கடைக்கு வாருங்கள், எல்லாவற்றையும் நானே மறுபடி பார்த்துத் தருகிறேன். தவறு முழுக்க என்னுடையது. இதில் சின்ன முதலாளிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. மற்ற நானூற்றுப் பதினொன்றிலும் இல்லை.'

கீழே, 'ஓரக்கண்'ணில் முதல்முறையாக, தன் முழுப்பேரையும் போட்டாள்.

மறுநாள் காலை சின்ன முதலாளி போனைப் பிடித்துக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் வந்தான். வரியை இரண்டு தடவை படித்திருப்பான் போல.

"அக்கா, இதுல என்னைக் காப்பாத்துறீங்களா, குத்துறீங்களா?"

"390 வந்திருக்கு சார். வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க."