குத்துதுங்களா?

எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் மெயிலில் 'டிஸ்கம்ஃபர்ட்' என்று போட்டிருந்தான். டி-ஷர்ட்டின் பக்கவாட்டுத் தையலில் நாங்கள் வைத்த லேபிளால் அது வருமோ என்று அவனுக்குச் சந்தேகம். ஆட்களை ஒரு நாள் முழுக்கப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் அனுப்ப வேண்டுமாம். அகராதியைப் புரட்டினேன். 'அசௌகரியம்' என்றது. அந்தச் சொல்லைத் திருப்பூரில் ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. குத்துது, உறுத்துது, நமநமங்குது, ஒரு மாதிரியா இருக்குது, இவ்வளவுதான் இங்கே புழக்கம்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆபீஸுக்கே ஒரே கம்ப்யூட்டர், அதற்கு நான்தான் ஆள். "ரிப்போர்ட்டு தப்பாப் போச்சுன்னா நீங்க ஊருக்கு பஸ் ஏறிக்கலாமுங்க தம்பி" என்றார் ஓனர். இந்த ஊரில் வேலையை விட்டுத் தூக்குவதுகூட 'ங்க' போட்டுத்தான்.

ஓனரும் ஆபீஸ் ஆட்களும் காலையிலேயே அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். நான் மணிக்கொரு தரம் போய் நின்றேன்.

"குத்துதுங்களா?"

"இல்லீங்க."

"உறுத்துதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

சாயங்காலம் 'நோ டிஸ்கம்ஃபர்ட்' என்று ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஓனர் அலமாரி மேலிருந்த ஃபைலை எடுக்கக் கையைத் தூக்கினார். சட்டை மேலே ஏறியது. உள்ளே வெள்ளை வெளேரென்று பனியன். ஓடிப்போய் மேனேஜரைப் பார்த்தேன், பனியன். ஸ்டோர்காரர், அவரும் பனியன். அடப்பாவிகளா! ஊருலகத்துக்கே பனியன் தைக்கிற ஊரில் உள்ளே பனியன் இல்லாமல் எவன் வெளியே வருவான்? இது முன்னாடியே தோன்றாத என் மண்டையில் நானே ஓங்கிக் குட்டிக்கொண்டேன்.

"சார், அந்தப் பனியனைக் கொஞ்சம் கழட்டணும்."

முதலாளியிடம் சொல்கிற பேச்சா இது? முறைத்தார். ஆனாலும் அறைக்குள் போய்க் கழற்றிவிட்டு, வெறும் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் கம்பீரமாகத்தான் இருந்தார். அப்புறம் கை மெல்ல இடுப்புக்குப் போனது. சொறிந்தார். நெளிந்தார். ஒருக்களித்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பி, முள்ளுக்காட்டுக்குள்ள பூந்த மாதிரியல்ல இருக்குது! ரிப்போர்ட்டு இன்னும் அனுப்பலையில்லீங்க?"

"அனுப்பிட்டேன் சார்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

அவர் சொறிவதை நிறுத்தாமல் என்னையே பார்த்தார்.

"அழுவாதீங்க. இன்னொரு மெயில் போடுங்க. லேபிள் அத்தனையும் பிரிச்சு வேற வெச்சுக் குடுக்கறோம்னு எழுதுங்க. மொதல்ல இல்லைன்னு எழுதிட்டு, இப்ப சும்மா ஆளுங்களுக்குக் குத்துதுன்னா நம்ப மாட்டான். ஓனருக்கே குத்துதுன்னு போடுங்க."