பூஜை நாளில் எடுக்காத ஊசி

காலை மில் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். பட்டறையில் உளி தீட்டிக்கொண்டிருந்தேன். என் மச்சான் நாச்சிமுத்து ஆசாரியின் மருமகன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "மாமன் போயிட்டாருங்க. விடியக்காலம் மூச்சு வாங்குச்சு, தண்ணி கேட்டாரு. கொண்டாரதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க" என்றான். "சரி, நீ நட, வாரேன்" என்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த மனிதரோடு நான் போட வேண்டிய சண்டை ஒன்று முடியாமலே போய்விட்டது.

அவரை அறிந்த கோவை நண்பர்களுக்கும், துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்துபோன காடு தோட்டக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. அவர் கை பட்ட துப்பாக்கி ஓர் ஆளைக் கொன்றது என்பது ஒன்று. செய்யாத குற்றத்தைத் தலையில் சுமந்த உத்தமர் என்பது மற்றொன்று. இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ராஜ வீதிக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டறையில் அவருக்கு இரும்பு வேலை, எனக்குத் துப்பாக்கியின் மரக்கட்டை வேலை. வாய் வழியாகக் கருமருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கிகள்தான் பெரும்பாலும் வரும். குதிரை என்கிற சிறு சுத்தியலைப் பின்னால் இழுத்து விசையைத் தட்டினால், அது கேப்பு என்கிற சின்ன வெடிமூடியின் மேல் விழும். கேப்பில் பிறந்த நெருப்பு ஒரு சிறு துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். அந்தத் துளைக்குக் காது என்று பெயர். வேலை முடிந்து கொடுக்கும்போது காதுக்குள் ஊசி விட்டுப் பார்க்காமல் அவர் எதையும் வெளியே அனுப்பியதில்லை. "காதுல ஊசி போனாத்தான் வாயில மருந்து போகோணும்" என்பார். வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி, சிலர் அவர் வாயைத் திறக்கும் முன்பே தாங்களே சொல்லிச் சிரிப்பதுண்டு.

தடாகம் பக்கத்திலிருந்து ஓர் இளம் விவசாயி ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார். பேர் வேண்டாம், இளங்கவுண்டர் என்றே சொல்கிறேன். சீமைத் துப்பாக்கி ஒன்றைப் பார்த்து வடக்கே யாரோ செய்த நகல் அது. குழலுக்குள் திருகலாக வரி வெட்டியிருந்தார்கள். பார்க்க அழகு, சுட்டால் குண்டு எங்கோ போகும். மலையடிவாரத்தில் கடலைக்காடு முற்றுகிற சமயம். பன்றிகள் இறங்கிவிட்டால் கொடியோடு பறித்துப்போட்டுவிடும். "அதுக்குள்ளாற சரி பண்ணித் தாங்க" என்று கேட்டுக்கொண்டார்.

நாச்சிமுத்து குழலைக் கழற்றி, வரிகளில் பிடித்திருந்த துருவையும் கரியையும் கழுவி எடுத்தார். குதிரையைத் தள்ளும் வில் தளர்ந்திருந்தது, அதை மாற்றினார். எண்ணெய்த் துணியில் குண்டைச் சுற்றிப் போட்டால்தான் வரியைப் பிடிக்கும் என்று எத்தனையோ துணிகளை வெட்டிப் பார்த்தார். நொய்யல் மணலில் பலகை நட்டுச் சுட்டோம். எல்லாம் இடது பக்கமாகவே போயிற்று. "உன்ற கட்டைதான் மாப்ளே குழலை நெருக்குது" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கட்டையை நான் அவ்வளவு ஆசையாக இழைத்திருந்தேன். "உங்க இரும்பு கோணல்னா என்ற மரத்து மேல பழி போடறீங்களா?" என்று கத்திவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என் அரத்தை எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே கட்டையைக் கொஞ்சம் ராவினோம், குறி பார்க்கும் முனையையும் கொஞ்சம் தட்டினோம். அடுத்த குண்டு பலகை நடுவில் பாய்ந்தது. "ரெண்டு பேரும் தப்பு, துப்பாக்கி மட்டும் சரி" என்று சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுவே கடைசி.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, கருவிகளையெல்லாம் சாமி முன்னால் பரப்பினோம். சுத்தியல், அரம், ஊசி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சரிபார்க்க வந்து சுவரோரம் சாத்தியிருந்த துப்பாக்கிகளுக்கும் அவரே தன் கையால் பொட்டு வைத்தார். குழலுக்கு ஒன்று, கட்டைக்கு ஒன்று, குதிரை மேல் ஒன்று. சாமி முன் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை போடும்வரை தொடக்கூடாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாயங்காலம் இளங்கவுண்டர் வண்டி கட்டி வந்துவிட்டார். "எங்கூட்டுப் பூசையில வெக்கோணுமுங்க ஆசாரியாரே. என்ற சம்சாரத்துக்கு இது மொத ஆயுத பூசை. எல்லாம் அவ கையால பொட்டு வெக்கோணும்னு ஆசைப்படறா."

"நாளைக்கு வந்தீங்கன்னா காதுல ஊசி உட்டுப் பாத்துக் குடுத்துப்போடுவேனுங்க."

"பூசைக்குத்தானுங்களே? நான் என்ன இப்பவே சுடவா போறேன்?"

நாச்சிமுத்து சாமி முன்னால் கிடந்த ஊசியைப் பார்த்தார். கை போகவில்லை. "அப்பச் சரிங்க. ஆனா சுடறதுக்கு முன்னால ஒருக்கா இங்க கொண்டாந்துருங்க" என்று துப்பாக்கியைக் கொடுத்தார். அவரும் ஆகட்டும் என்று தலையாட்டி வாங்கிப் போனார். கொண்டுவரவில்லை. அதற்குள் பன்றி வந்துவிட்டது.

காட்டில் கூட இருந்த காவல்காரன் போலீசாரிடம் சொன்னது இது. இளங்கவுண்டர் மருந்து கெட்டித்துச் சுட்டார். கேப்பு மட்டும் வெடித்தது. கேப்பை மாற்றி மாற்றிப் பார்த்தும் துப்பாக்கி பேசவில்லை. போட்ட மருந்து உள்ளே அப்படியே இருக்க, துப்பாக்கியை வீட்டில் கொண்டுபோய் மாட்டிவிட்டார். அடுத்த நாள் மறதியாக அதன் மேலேயே இன்னொரு முறை மருந்தும் குண்டும் கெட்டித்துவிட்டார். அன்றும் பற்றவில்லை. ஒரு வேல முள்ளை ஒடித்துக் காதைக் குத்தினார். முள் நுனியில் காய்ந்த சந்தனம் மஞ்சளாக வந்தது. துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி விசையைத் தட்டினார். இரட்டை மருந்தும் ஒன்றாய்ப் பிடித்து, குழலின் அடிப்பக்கம் வெடித்துக் கிழிந்தது. கழுத்தில் இரும்பு பாய்ந்தது. கட்டிலில் போட்டு ஊருக்குள் தூக்கிவரும் முன்பே உயிர் போய்விட்டது.

சந்தனம் என்ற சொல் ஊருக்குள் போனதும் எல்லார் கண்ணும் அந்தப் பெண் மேல் திரும்பியது. வீட்டில் பொட்டு வைத்தவள் அவள்தானே! தாலி ஏறி வருஷம் திரும்பவில்லை, வயிற்றில் பிள்ளை வேறு. மாமியார், "உன்ற கை பட்டுத்தாண்டி என்ற மவன் போனான்" என்று மாரில் அடித்துக்கொண்டாளாம். காரியம் முடிந்த கையோடு அவளைப் பிறந்த வீட்டுக்கு ஓட்டிவிடுவது என்று பேச்சு முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

நாச்சிமுத்து மேல்துண்டை எடுத்துப் போட்டார். நான் வழியை மறித்தேன். "மச்சான், போகாதீங்க. நீங்களும் பொட்டு வெச்சீங்க, அந்தப் புள்ளையும் வெச்சுது. எவரு சந்தனம் உள்ள போச்சுன்னு சாமிக்குத்தான் தெரியும். கொண்டாரேன்னவரு கொண்டாரல. போட்ட மருந்து மேலயே மருந்து போட்டதும் அவருதான். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"சந்தனம் எவரு வெச்சா என்ன மாப்ளே? ஊசி உடாம குடுத்தவன் நாந்தானே" என்றார்.

கருமாதிக்குக் கூடியிருந்த சனத்தின் நடுவே போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். "அந்த அம்மணியை ஒரு சொல் சொல்லாதீங்க. காதை அடைச்சது நான் வெச்ச சந்தனமுங்க. சாமி முன்னால இருந்த ஊசியை எடுக்கப் பயந்துக்கிட்டுப் பாக்காம குடுத்துப்போட்டேன். சாமிக்குப் பயந்தேன், மனுச உசுருக்குப் பயப்படலீங்க" என்றார். கூட்டம் ஓவென்று இரைந்தது. இளங்கவுண்டரின் தம்பி பாய்ந்து அவர் நெஞ்சில் குத்தினான். அவர் கை ஓங்கவில்லை, என்னையும் ஓங்க விடவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண் ஓடிவந்தாள். எங்களைக் காப்பாற்ற வருகிறாள் என்று பைத்தியக்காரன் நான் நினைத்தேன். அவள் இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் முகத்தில் தூற்றி, "உன்ற குடி வெளங்காது" என்று அலறினாள். கண்ணில் மண்ணோடு வந்தவரைக் கைபிடித்து வண்டியில் ஏற்றினேன்.

லைசென்ஸ் பறிபோயிற்று. துப்பாக்கி வேலை நின்றது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சாலுக்கு வளையம், கதவுக்குத் தாழ்ப்பாள் என்று காலம் தள்ளினார். கண்ணும் முன்போல இல்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், ஊரே கருவியை வைத்துக் கும்பிடும்போது, இவர் மட்டும் உலையை ஊதிச் சுத்தியல் அடிப்பார். எங்கள் சனம் அவரை ஒதுக்கிவைத்தது. மகள் கல்யாணத்துக்குக்கூடப் பாதிப் பேர் வரவில்லை. "ஒரு நாள் அடங்கிக் கெடந்தா என்னங்க?" என்று நான் கத்துவேன். "அன்னிக்கு அடங்கிக் கெடந்தது போதும்" என்பார். இந்த மனிதர் எதற்காக இப்படித் தன் குடும்பத்தையும் சேர்த்து வதைக்கிறார் என்று நான் அவரை வெறுத்த நாட்களும் உண்டு.

அவர் போன அன்று, எடுப்பதற்குச் சற்று முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. வெள்ளைச் சேலையில் ஒருத்தி இறங்கினாள். அவள்தான். என்னைக் கடந்து உள்ளே போய்ப் பாடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை. திரும்பி வந்தவளிடம், "இப்பவாவது மனசு ஆறுச்சுங்களா அம்மணி?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"ஆறலீங்க" என்றாள். "இவரு அன்னிக்கு வந்து சொல்லலீன்னா என்னையத் தொரத்தியிருப்பாங்க. நானும் என்ற பையனும் எந்தக் கெணத்துல கெடந்திருப்பமோ. அதுக்குத்தான் வந்தேன். அந்த ஊசியை எடுத்திருந்தா என்ற ஊட்டுக்காரரு இருந்திருப்பாரு. அதனால அழுகை வரலீங்க." சொல்லிவிட்டு வண்டியேறிப் போனாள்.

சுடுகாட்டில் நாலு பேர் முன்னால் எழுந்து, என் மச்சான் மேல் குற்றமே இல்லை என்று பேசுவதாக இருந்தேன். பேசவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: அவரை யார் ஏசினாலும் நான் எதிர்த்து நிற்பேன், ஆனால் அவர் குற்றத்தில் ஒரு குன்றிமணி அளவும் குறைத்துச் சொல்லமாட்டேன். அது அவர் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.