வலது கையில் கட்டிய கடிகாரம்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரே வரிசை வீட்டில் குடியிருந்த எனக்கும் என் சிநேகிதிக்கும் ஒரே நடிகர் மேல் பைத்தியம். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். அல்சூரில் ஒரு டிடிபி சென்டரில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் எங்கள் நடிகருடைய படங்களை விசிடியிலிருந்து துண்டு துண்டாக வெட்டுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயோ, அழகுடி" என்று என் தோளை இடிப்பாள். அந்தத் துண்டுகளை வேறொரு பாட்டுக்கு ஒட்டி வீடியோ செய்ய வேண்டுமானால் வாய் அசையக் கூடாது. நம் படங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கும் கதாநாயகனைக் கண்டுபிடிப்பது லேசான காரியமா? இரண்டு வருடம் தேடினேன். 'திரும்பிப் பார்ப்பது', 'படி இறங்குவது', 'மழையில் சும்மா நிற்பது' என்று பிரித்து ஒரே சிடியில் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் இடமில்லாததால் அதில் இருந்த துண்டுகளையெல்லாம் அழித்துவிட்டேன்.

அவர் பிறந்தநாளுக்கு ரசிகர்கள் செய்த பாட்டு வீடியோக்களைப் போடப்போவதாக எங்கள் ஏரியா கேபிள்காரர் அறிவித்தார். எங்கள் இருவர் பெயரும் போட்டு ஒன்று அனுப்புவதாகப் பேசி வைத்திருந்தோம்.

"சிடிய குடுடி, அண்ணன் வீட்டுல ஒரு வாட்டி பாத்துட்டுத் தர்றேன்" என்றாள். கொடுத்தேன். நாலாம் நாள் அழுதுகொண்டே வந்தாள்.

"ஜன்னல் ஓரமா வச்சிட்டேன்டி. வெயில்ல வளைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன். மாதா மேல சத்தியமா, வேணும்னு பண்ணலடி."

அவளை நான்தான் தேற்றினேன். காபி வேறு போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தக் காபியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பிறந்தநாளன்று அம்மாவோடு உட்கார்ந்து கேபிள் பார்த்தேன். மூன்றாவது பாட்டில் அவர் நடந்து வந்தார். கடிகாரம் வலது கையில் இருந்தது. எந்தப் படத்திலும் அவர் இடது கையில்தான் கட்டுவார். எதிரே வரும் கதாநாயகியை நோக்கி நடப்பதுபோல் இருக்கட்டும் என்று அந்தத் துண்டை நான்தான் இடவலம் திருப்பி வைத்திருந்தேன். கடிகாரமும் கை மாறியிருந்ததைப் பிற்பாடுதான் கவனித்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

பாட்டு முடிந்து அவள் பெயரும் அவள் அண்ணன் பெயரும் வந்தன.

"உன் பேரு எங்கடி காணோம்?" என்றாள் அம்மா. என் சிநேகிதி நம்ப வைத்துக் கழுத்தறுத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் முன் பெஞ்சிலிருந்து திரும்பி, என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். பழக்க தோஷம், என் கையும் கூப்பிக்கொண்டது. வெளியே வந்ததும் அவளை நிறுத்தினேன்.

"பாட்டு நல்லா இருந்துச்சு. ஆனா வாட்ச் வலது கையில இருந்துச்சே?"

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஏன், அவரு எப்பவும் அந்தக் கையிலதான கட்டுவாரு?"

திருடியதைக்கூட என்றாவது மன்னித்திருப்பேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் என் தோளை இடித்துக்கொண்டிருந்தவள், அவரை ஒரு நாளும் பார்த்ததே இல்லை.