ஒரு சாண் ஏறிய கண்ணாடி

ஆறடி மூன்று அங்குலம். முடிதிருத்துபவருக்கு இந்த உயரம் அதிகம்தான். எதிரே இருப்பவர் எப்போதும் உட்கார்ந்தே இருக்கும் தொழிலாயிற்றே. கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர் 'கொக்கு'. உயரத்துக்காக மட்டும் அல்ல. கத்தரியும் கையுமாக ஒரு தலைமேல் கழுத்தை நீட்டிக் குனிந்தால், மீனுக்குக் குறிவைத்து நிற்பது போலவே இருப்பார். பெயர் வைத்தவர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள் என்பதால் அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு நாளில் அவர் அதிகம் சொல்லும் வாக்கியம், "தலையை நேரா வைங்க". பத்தொன்பது வருடமாக ஊரார் தலையை நேராக்கியவருக்குத் தன் முதுகைக் கவனிக்க நேரமில்லை. முதலில் இடுப்பு வலித்தது. முடிவெட்டும் கடையில் வலி என்று வாய்விட்டுச் சொன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் வைத்தியர்கள். ஒருவர் எண்ணெய் சொன்னார், ஒருவர் கட்டாந்தரையில் படுக்கச் சொன்னார். மூன்றாமவர் தன் பழைய இடுப்பு பெல்ட்டையே கொண்டுவந்து மாட்டிவிட்டார். பெல்ட் போட்டதும் இடுப்பு மடங்கவில்லை. அந்தக் குனிவையும் கழுத்தே ஏற்றுக்கொள்ள, கழுத்தும் சேர்ந்து வலித்தது.

ஒரு சனிக்கிழமை, கூட்ட நேரத்தில், தபால்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது இடது கால் மரத்துப்போனது. கொக்கு சட்டென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பாதி மீசையோட என்னை விட்டுடாதீங்க" என்றார் தபால்காரர்.

மீதி மீசையை அடுத்த நாற்காலியில் வேலை செய்யும் மாப்பிள்ளை, அதாவது மனைவியின் தம்பி, முடித்துவைத்தார். எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். "ஆறு வாரம் உடற்பயிற்சி செய்ங்க. கால் மரத்துப்போறது நிக்கலன்னா நின்னு செய்ற வேலையை விட்டுடணும்."

மனைவி பேருந்து நடத்துநர். ஓடும் வண்டியில் நாள் முழுக்க நிற்பவர்; அவருக்கு இடுப்பும் இல்லை, வலியும் இல்லை என்பது கொக்கின் குற்றச்சாட்டு. கணவரின் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று மனைவி ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

"ஏங்க, டிப்போல பொருள் அறை காலியாத்தான் இருக்கு. பஸ்ல மறந்துட்டுப் போற குடையெல்லாம் பாத்துக்கணும். உக்காந்த வேலை."

"குடை பேசுமாடி?"

"பேசாது. அதுவே ஒரு நிம்மதி."

கொக்குக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் நாலு பேர் நாலு செய்தியோடு வந்து உட்காரும் கடை அது. அதை விட்டுவிட்டுக் குடைகளோடு குடும்பம் நடத்த அவருக்கு மனம் இல்லை.

உடற்பயிற்சி சொல்லித்தரும் மருத்துவர் ஓர் இளம்பெண். பயிற்சிகளைக் காட்டிவிட்டு, "வேலை செய்யும்போது பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றார். படத்தை மனைவியே எடுத்தார். பத்து வருடத்தில் அவர் கடைக்குள் கால் வைத்தது அன்றுதான். அடுத்த வாரம் மருத்துவர் படத்தைப் பார்த்தார். தன் தலையையும் சாய்த்து ஒருமுறை பார்த்தார்.

"நாற்காலி ஏன் இவ்வளவு கீழ இருக்கு? ஏத்த முடியாதா?"

"முடியும் மேடம், காலால மிதிச்சா ஏறும். ஆனா ஏத்தினா கண்ணாடில கழுத்துதான் தெரியும். மூஞ்சி தெரியலன்னா சண்டைக்கு வருவாங்க."

"அப்போ கண்ணாடியை ஏத்துங்க" என்றார் கூட வந்திருந்த மனைவி.

கொக்கு போட்டோவை வாங்கி ஒருமுறை பார்த்தார்.

"அது சுவரோட பிறந்ததுன்னுல்ல நினைச்சேன்" என்றார் கொக்கு.

கடையின் பழைய முதலாளி ஐந்தடி மனிதர். தன் கைக்கு வசதியாக நாற்காலியைத் தாழ்த்தி, அதற்கேற்பக் கண்ணாடியை மாட்டினார். கடை கைமாறியது, வாடிக்கையாளர்கள் கைமாறினார்கள், கண்ணாடி மட்டும் அங்கேயே இருந்தது. அதற்கேற்ற உயரத்துக்கு இறங்கித்தான் கொக்கு பத்தொன்பது வருடம் வளைந்து நின்றிருக்கிறார்.

விடுமுறை நாளில் மாமாவும் மாப்பிள்ளையும் கண்ணாடியின் நாலு திருகாணிகளைக் கழற்றினார்கள். பின்னால் ஒரு பச்சைச் சதுரம். பழைய முதலாளி காலத்துச் சுண்ணாம்பு. ஒரு சாண் நாலு விரல் உயர்த்தி மறுபடி முடுக்கினார்கள்.

"என்னோட கண்ணாடி இருக்கற இடத்துலயே இருக்கட்டும் மாமா. ஏத்துனா நான் ஸ்டூல் போட்டுத்தான் நிக்கணும்" என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் முதல் ஆளாகத் தபால்காரர் வந்தார். கொக்கு நாற்காலியை எட்டு முறை மிதித்தார்.

"என்னண்ணே, சிம்மாசனமா? கால் தரையில படல!"

"மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது. அதுதான் கஷ்டம்."

கொக்கு நிமிர்ந்தார். மேலே தொங்கிய விளக்கில் தலை 'டங்' என்று இடித்தது. இத்தனை வருடம் அந்த விளக்கு அவர் முதுகுக்கு மேலே தொங்கியதால் இருவருக்கும் அறிமுகமே இல்லை.

கண்ணாடி ஏறியதும் முதுகு ஏறிவிடவில்லை. பழகிய உடம்பு அரை மணிக்கு ஒருமுறை தானாகக் குனிந்தது. முதல் பத்து நாள், நிமிர்ந்து நின்றதே புது வலியாக இருந்தது. ஒவ்வொரு தலை முடிந்ததும் வாசல்வரை நடந்து, இடுப்பில் கை வைத்து முதுகைப் பின்னால் வளைத்துவிட்டு வரவேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. வரிசையில் இருப்பவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. கொக்கின் கழுத்து நீளத் தொடங்கியதும் பெஞ்சிலிருந்து குரல் வரும்: "முதுகை நேரா வைங்க!" வாய் ஓயாமல் அவர் சொன்னதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். நாற்காலியில் போர்வைக்குள் இருப்பவர்களும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தங்கள் தோளை நிமிர்த்திக்கொண்டார்கள்.

ஆறாவது வாரம் எலும்பு மருத்துவர் அவரை இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். நின்றார்.

"மரத்துப்போகுதா?"

"இல்ல சார். இப்படி நின்னா நிஜமாவே கொக்குன்னு சொல்லிடுவாங்க, இறக்கிடவா?"

கடைசியாகக் கால் மரத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. வேலையைத் தொடரலாம், பயிற்சியை விடக்கூடாது, மூன்று மாதம் கழித்து வரவேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

குடை அறைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். புதன்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்து, தலையில் இடிக்கும் அந்த விளக்கை மேலே ஏற்றுகிறார். அன்று மட்டும் கடை தாமதமாக, பத்து மணிக்குத் திறக்கும்.