தமிழர் இல்லாத ஒரு தீவு

லண்டனில் ஏதாவது ஒரு தமிழ் விசேஷத்தில், சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, உலகத்தின் எந்த மூலையின் பெயரைச் சொன்னாலும் யாராவது ஒருவர் "அங்கை எங்கடை ஆள் ஒராள் இருக்கிறார்" என்பார். அப்படி ஒருவரும் சொல்லவில்லை என்றால், அந்த இடத்தில் தமிழரே இல்லை. இதை நான் விஞ்ஞான உண்மையாக நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அதன் மேல் ஒரு விடுமுறையையே கட்டினேன்.

அப்போது நான் சாதாரண ஆளும் இல்லை. எண்பதுகளில் என்னோடு வேலை செய்த பார்படோஸ்காரர் ஒருவர், தன் தாயார் வீட்டுக்குப் பக்கத்தில் அறை பார்த்துத் தருகிறேன், வா என்றார். நாங்கள் இருந்த ரெய்னர்ஸ் லேனில் அந்தக் காலத்தில் விடுமுறை என்றால் பாரிசில் பெரியம்மா, சூரிச்சில் சித்தப்பா, டொரொன்டோவில் மச்சான். கடலைப் பார்ப்பதற்கென்றே ஒருவன் பிளேன் ஏறுகிறான் என்பது எங்கள் ஆட்களுக்குப் புதினம்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் போறியள்?"

போனோம். பிறகு ஜமேக்கா. பிறகு செயின்ட் லூசியா, அன்டிகுவா. நாலாவது தீவோடு எங்கள் வட்டாரத்தின் கரீபியன் நிபுணர் நான்தான் என்று ஆகிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் ஆட்கள் என்னை மறித்து, எந்தத் தீவில் நுளம்புக்கடி குறைவு என்று கேட்பார்கள். நான் கண்ணை அரைவாசி மூடி, "அது காத்தைப் பொறுத்தது" என்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்ன விதத்தில் இரண்டு குடும்பங்கள் டிக்கெட்டே எடுத்துவிட்டன.

நிபுணர் வெளியில் சொல்லாத ஒன்று உண்டு. "ஒருத்தரும் இல்லை" என்று நான் சொன்னது ஒரு தீவிலும் பலிக்கவில்லை. பார்படோசில் என் மனைவிக்கு வெயிலில் தலை சுற்றியது. பார்க்க வந்த டொக்டர் அவள் நாடியைப் பிடித்தபடியே "ஊரிலை எவடம்?" என்று கேட்டார். அடுத்த நாள் அவர் வீட்டில் என் மனைவி புட்டு அவித்தாள். ஜமேக்காவில் பஸ் நிற்குமிடத்தில் ஒரு கணக்கு வாத்தியார் அகப்பட்டார். செயின்ட் லூசியாவில் தெருப் போடும் எஞ்சினியர் ஒருவர், "அக்கா, உங்கடை கையாலை ஒரு கத்தரிக்காய்ப் பால்கறி" என்று கண் கலங்கினார். அன்டிகுவாவில் கடைசி இரண்டு நாள் வரைக்கும் ஒருவரும் இல்லை. நான் வெற்றி என்று நினைத்த நேரம், துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலில் இருந்து வல்வெட்டித்துறை மாலுமி ஒருவர் இறங்கினார். அவர் கையில் மீனும் இருந்தது.

என் மனைவி கரீபியன் கடலை அதிகம் பார்த்ததில்லை. அடுப்புகளைப் பார்த்திருக்கிறாள். எந்தத் தீவில் காஸ், எந்தத் தீவில் மின்சாரம், எதில் திரி சரியாக எரியாது என்று கேட்டால் அவள்தான் உண்மையான நிபுணர். லண்டனிலும் பகலில் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை. பின்னேரம் எங்கள் வீட்டுக் குசினி. வருகிற போகிற சனத்துக்கு எங்கள் வீடு ஒரு சந்தி மாதிரி.

அன்டிகுவாவிலிருந்து திரும்பும்போது பிளேனில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அடுத்த முறையும் நான் அடுப்படியிலைதான் நிக்கிறதெண்டால், ரெய்னர்ஸ் லேன் அடுப்பே காணும். எனக்கு ஒரு கிழமை வேணும். ஒரு கிழமை நான் ஆருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தக் கூடாது. அப்பிடி ஒரு தீவு இருந்தால் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் வரேல்லை. நீங்கள் தனியப் போய்க் காத்தைப் பாருங்கோ."

அந்தக் கடைசி வசனத்தில் நிபுணர் செத்தார்.

பயந்துபோய் ஹரோவிலுள்ள பயண முகவர் கடைகளில் கிடந்த புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். வரவேற்பறைத் தரையில் பரப்பி, முழங்காலில் நின்று ஆராய்ந்தேன். எல்லாத் தீவிலும் ஒரே கடற்கரை, ஒரே பெண், அதே தென்னை. தென்னை மட்டும் சில தீவுகளில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எந்தப் படத்திலும் தமிழர் இல்லை. ஆனால் பார்படோஸ் படத்திலும் அந்த டொக்டர் இருக்கவில்லை. படத்தை நம்பிப் பிரயோசனம் இல்லை. அப்போதுதான் அந்த விஞ்ஞான முறை எனக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை குட்மேய்ஸில் ஒரு சாமத்திய வீடு. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில், பெரியபிள்ளையான பெண்ணைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. ஆண்கள் கூடியிருந்த மேசையில் வடையோடு இருந்து, பரிசோதனையைத் தொடங்கினேன். பயணத்தை முன்கூட்டிச் சொன்னால் நாவூறு பட்டு ஏதாவது தடங்கல் வரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. டிக்கெட் கையில் இருந்தாலும், ஹீத்ரோவுக்கு வெளிக்கிடும்வரை "பாப்பம், இன்னும் ஒண்டும் முடிவில்லை" என்பதுதான் மரியாதையான பதில். ஆகவே நானும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

"வேலையிலை ஒரு வெள்ளைக்காரன் கேட்டவன். கிரெனடா எப்பிடியாம்?"

"கிரெனடாவோ? எங்கடை பெரியண்ணையின்ரை மூத்தவன் அங்கைதானே மெடிசின் படிக்கிறான். பெடியன் சாப்பாட்டுக்குச் சரியான கஷ்டம். உங்கடை வெள்ளைக்காரன் ஒரு மிளகாய்த்தூள் பார்சல் கொண்டுபோவானோ?"

கிரெனடா அடிபட்டது.

"சீச்சீ, அவன் பேந்து ட்ரினிடாட் எண்டும் சொன்னவன்."

மேசையே சிரித்தது. "அண்ணை, அங்கை கோயிலே இருக்கு!"

செயின்ட் கிட்ஸ் என்றேன். ஒருவருடைய பழைய சேர் அங்கே படிப்பிக்கிறார். பஹாமாஸ் என்றேன். ஒருவருடைய சகலன் அங்கே வங்கியில் இருக்கிறார், போன மாதம்தான் வீடு வாங்கினவராம். நான் சொல்லச் சொல்ல எங்கள் இனம் கடல் முழுக்கப் பரவிக்கொண்டு போனது. கடைசியில், ஒரு புத்தகத்தின் பின்பக்கத்தில் தீப்பெட்டி அளவு படத்தோடு கிடந்த ஒரு பெயரை எடுத்து விட்டேன்.

"பெக்வே எண்டு ஒரு தீவாம். செயின்ட் வின்சென்டிலை இறங்கி, அங்கையிருந்து கப்பலிலை போகவேணுமாம்."

மேசை அமைதியானது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு எதிரே, மெல்லிய மீசை வைத்த ஒரு மனிதருக்கு மட்டும் வடை புரைக்கேறிவிட்டது. முகம் சிவந்து இருமினார். நான் எழுந்துபோய் அவர் முதுகில் நன்றாகத் தட்டினேன். அகலமான முதுகு. தண்ணீர் குடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றி என்று நினைத்தேன்.

அமைதி! அதுதான் நான் தேடிவந்த அமைதி. வீட்டுக்குப் போகும் வழியிலேயே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்றாள்.

"ஒருத்தரும் இல்லை."

"இதைத்தான் நாலு தரமும் சொன்னனீங்கள்."

"இந்த முறை சோதிச்சுப் பாத்திட்டன். அங்கை ஒரு தமிழ் முகம் கண்டால், அண்டு தொடக்கம் சமையல் என்ரை. காணுமோ?"

அவள் கைப்பையை டக்கென்று பூட்டினாள். பூட்டின விதத்தில், அதைப் பத்திரப்படுத்தி வைத்தாள் என்று தெரிந்தது.

டிக்கெட்டை எங்கள் தமிழ் ஏஜென்ட் தம்பியிடம் எடுக்கவில்லை. அவரிடம் ஒரு டிக்கெட் எடுத்தால் லண்டனின் மற்ற முனையில் தோர்ண்டன் ஹீத் வரைக்கும் தெரிந்துவிடும். ஹரோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் எடுத்தேன். பார்படோசில் பிளேன் மாற வேண்டியிருந்தது. அந்த டொக்டர் வந்துவிடுவாரோ என்று தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, தூணோடு தூணாக நின்றேன். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இரண்டு தரம் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். செயின்ட் வின்சென்டிலிருந்து போன கப்பல் நன்றாக ஆடியது. நான் முழு நேரமும் கம்பியைப் பிடித்துக் கடலுக்குக் குனிந்தபடி. என் மனைவி எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

பெக்வே புத்தகத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. தென்னை இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தது. விருந்தினர் விடுதி சின்னது. பின்பக்கம், விரும்பியவர்கள் சமைக்கலாம் என்று ஒரு பொதுக் குசினி. அதைக் கண்டதும் கதவை இழுத்துச் சாத்தினேன், ஆனால் பரவாயில்லை, ஒருவரும் இல்லைத்தானே.

முதல் நாள் காலை, மனைவி முகம் கழுவுகிறாள் என்று நான் முன்னால் சாப்பிடப் போனேன். விறாந்தையில் மூலை மேசையில் ஒரு மனிதர் முதுகு காட்டி இருந்தார். முகம் தெரியவில்லை. தேவையும் இல்லை. அந்த முதுகை எனக்குத் தெரியும். அது நான் தட்டின முதுகு.

ஐம்பது வயதை நெருங்கிய ஒரு குடும்பஸ்தன், கரீபியன் நிபுணர், பூந்தொட்டிக்குப் பின்னால் குந்தினேன். தலைக்குள் எல்லாம் ஓடியது. இப்போது அவர் திரும்புவார், அண்ணை என்பார், மனைவிமார் ஊரைக் கேட்பார்கள், இரண்டு கலியாணமும் ஒரு செத்தவீடும் பொதுவாக வரும், பின்னேரம் குசினி. என் மனைவியின் ஒரு கிழமை ஒரு காலையோடு முடிந்துவிடும். நான் குந்தியபடியே பரிமாறுகிற பெண்ணிடம் ஒரு தட்டு கேட்டேன். பூந்தொட்டியோடு கதைக்கிற மனிதர்களை அவள் முன்பும் கண்டிருக்க வேண்டும். முட்டையும் ரொட்டியும் பப்பாளியும் தேநீரும் வைத்துத் தந்தாள்.

"இதென்ன, புதினமாய்க் கிடக்கு?" என்றாள் மனைவி, கட்டிலில் இருந்தபடி.

"விடுமுறை எண்டால் இப்பிடித்தான்."

அடுத்த நாளும் கொண்டுபோனேன். மத்தியானமும். வெயில் கூட என்றேன், விறாந்தையில் ஈ என்றேன். அவள் தலையணையை நிமிர்த்தி வைத்து, பப்பாளியைச் சின்னதாக வெட்டச் சொன்னாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, தட்டோடு பின்பக்க நடையால் வளைந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு தட்டு வந்தது. முட்டை, ரொட்டி, பப்பாளி. தட்டுக்கு மேலே மெல்லிய மீசை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்தோம்.

"நீங்கள்... அந்தச் சாமத்திய வீட்டிலை..." என்றேன்.

"ஓம். என்ரை முதுகு இன்னும் நோகுது."

"அப்ப, நான் பெக்வே எண்டு சொல்லேக்கை?"

"டிக்கெட் அப்ப பொக்கற்றுக்கைதான் கிடந்தது. பயணத்தை முன்னமே சொல்லப்படாது எண்டு மனிசி. அதுதான் வாயைத் திறக்கேல்லை. நீங்களும் வெள்ளைக்காரனுக்குத்தானே கேட்டனீங்கள்? அவன் எங்கை?"

என் விஞ்ஞானம் அந்த நடையிலேயே முடிந்தது. எங்கள் ஆட்கள் அடுத்தவனுடைய சகலனை எந்த நாட்டில் என்றாலும் சொல்லுவார்கள். தன்னுடைய பயணத்தைச் சொல்லமாட்டார்கள். அதை எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. நானே அதைத்தான் செய்திருந்தேன்.

அவர் தன் மனைவிக்கும் இதே வாக்குறுதியைக் கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தாராம். முதல் நாள் மேசையிலிருந்து எழும்பும்போது என்னைக் கண்டாராம், அதன் பிறகு அவரும் பூந்தொட்டிக்குப் பின்னால்தான். மற்றத் தொட்டி. உடனே ஒப்பந்தம் போட்டோம். காலையில் அவர்கள் வடக்குக் குடா, நாங்கள் தெற்கு, பின்னேரம் மாறி. பெண்களுக்கு ஒரு சொல்லும் தெரியக் கூடாது.

என் அறைக் கதவைத் தள்ளினேன். கட்டிலில் ஆள் இல்லை. அவரும் தன் அறையிலிருந்து அதே முகத்தோடு வெளியே வந்தார். தட்டுகளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் இரண்டு பேரும் கடற்கரைக்கு ஓடினோம்.

ஒரு வாதுமை மரத்தின் கீழ், தண்ணீருக்குள் கால்களை நீட்டிக்கொண்டு, இரண்டு பெண்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் மனைவி.

"வந்திட்டினம்," என்றாள் அவள் மற்றவரிடம்.

"நீங்கள் ரெண்டு பேரும் எப்ப..." என்றேன்.

"கப்பலிலை. நீங்கள் ஒரு பக்கக் கம்பியிலை, இவர் மற்றப் பக்கக் கம்பியிலை. நாங்கள் நடுவிலை."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் இந்தத் தட்டு நிண்டிடுமே! கலியாணம் கட்டின நாளிலையிருந்து ஒரு நாள் கொண்டுவந்து தந்தியளோ?"

மற்றப் பெண் எட்டி என் தட்டைப் பார்த்தார். "அண்ணை, முட்டை ஆறுது. இதிலையே வையுங்கோ. தேத்தண்ணிக்குச் சீனி காணாது, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாருங்கோ."

நான் சீனி எடுக்கத் திரும்பினேன். என் மனைவி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஒரு தமிழ் முகம் கண்டால் சமையல் ஆற்றையெண்டு சொன்னனீங்கள்?"

அந்தக் கிழமை முடியும்வரை அவர்கள் இருவரும் அந்த மரத்தின் கீழ்தான் இருந்தார்கள். பின்பக்கக் குசினியில் நானும் அந்த மனிதரும் ஒவ்வொரு நாளும் சோறும் மீன்குழம்பும் வைத்தோம். முதல் நாள் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. என் மனைவி சாப்பிட்டாள். எழுந்து வந்து திருத்தவில்லை.