வலையை வெட்டியவர்

கடலாமை தண்ணீருக்குள்ளேயே மூச்சுவிடும் என்றா நினைக்கிறீர்கள்? பல்கலைக்கழகக் கம்பஸில் படித்த நானும் அப்படித்தான் நினைத்தேன், வெட்கக்கேடு.

சுனாமிக்கு அடுத்த வருசம் கல்முனைக் கரையில் கரைவலை இழுத்தவர் அவர்; அண்ணன் முறையில் காக்கா என்போம். கழுத்தில் நீளத் தழும்பு. மற்றவர்கள் பாட்டுப் பாடி இழுக்க, அவர் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு தண்ணீரையே பார்ப்பார்.

ஒருநாள் வலை நிறையக் கீரி மீன். கரைக்கு வர இன்னும் அரை மணி நேரமாகும். வலைக்குள் ஓர் ஆமைத் தலை தெரிந்து அமிழ்ந்தது. அவர் இடுப்புக் கத்தியை உருவினார்.

“வெட்டாதீங்க காக்கா! கடல்ல கிடக்கிற சாமான் சாகுமா?” என்று கையைப் பிடித்தேன்.

“மீனுக்குத்தான் தம்பி செவுள். இதுக்கு நம்மளப் போல சுவாசப்பை. மேல வர ஏலாட்டி தண்ணிதான் உள்ள போகும்.” நெஞ்சைத் தட்டினார். “சுனாமியில எனக்குப் போனது.”

நீந்திப் போய் வெட்டினார். ஆமை தப்பியது, மீனெல்லாம் போனது.

“விசரா, நாளைக்கு இந்தப் பக்கம் வராத!” என்று வலையின் சொந்தக்காரர் கத்தினார்.

“அப்ப நாளைக்கு மாட்டினா ஆரு வெட்டுற?”

அவர் பிறகு வரவில்லை.

இன்று காலை போட்ட வலை இப்போது கடலுக்குள் கிடக்கிறது, வெட்ட ஆளில்லாமல்.